எழுபத்து நான்கு நாள் கணக்கு

சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் கறவைப் பசு பருவத்துக்கு வந்தால் அரைநாளில் செய்தி கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடும். கத்துகிறது, தீனி எடுக்கவில்லை, கண்ணாடிபோல் வழும்பு தள்ளுகிறது என்று சொன்னால் போதும், ஊசி போடுபவர் குடுவையோடு வந்து நிற்பார். குடுவைக்குள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதிலிருந்து இடுக்கியால் அவர் எடுக்கும் உறைவிந்துக் குச்சி, கால் மில்லி பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, முனையை நறுக்கி, நீண்ட எஃகுக் கம்பியில் செருகிக்கொள்கிறார். குழாயின் மேல் பொடி எழுத்தில் காளையின் எண், இனம், விந்து சேகரித்த தேதி, நிலையத்தின் அடையாளம் எல்லாம் அச்சாகியிருக்கும். விவரம் தெரிந்த விவசாயி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பசுவின் வாலை ஒதுக்கிப் பிடிப்பார்.

படித்துப் பார்ப்பதில் அர்த்தமும் இருக்கிறது. உறைவிந்து நிலையங்களுக்கென்று மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சத் தர விதிகளின்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். உறைநிலையிலிருந்து மீட்ட பிறகு அவற்றில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். காளைக்குக் காசநோயும் புருசெல்லோசிஸும் இல்லை என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேறாத காளையைப் பொலிகாளை வரிசையிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

இதே சித்தூர் மண்ணுக்கே உரிய புங்கனூர்க் குட்டை மாடு, கலப்பினப் பசுக்களின் பால் வெள்ளத்தில் ஏறத்தாழ அடித்துச் செல்லப்பட்ட இனம். ஜெர்சி விந்துக் குச்சிகள் ஊர் ஊராகப் போனதும் அதற்கு ஒரு காரணம். பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பேணுகிறார்கள். அதைப் பெருக்குவதற்கும் இன்று கைகொடுப்பது அதே உறைவிந்துத் தொழில்நுட்பம்தான். ஒரு மாட்டினம் அழிவதும் பிழைப்பதும் விந்தணுவின் தரத்தில் இருக்கிறது என்பதை இந்த மாவட்டம் கண்ணெதிரே பார்த்திருக்கிறது.

ஆனால் பசுவுக்குக் குச்சியைப் படித்துப் பார்க்கும் அதே வீட்டில் மருமகள் வந்து இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை என்றால், முதலில் ஸ்கேனுக்குப் போகிறவள் அவள்தான். பிறகு ஹார்மோன் சோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, சிலருக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. நடுவில் திருமலைக்கு முடிகாணிக்கை வேண்டுதல், காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு ஒரு நேர்ச்சை. கணவனைச் சோதிப்பது பட்டியலின் கடைசியில் வரும்; சில வீடுகளில் வராமலே போகும். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது என்பது மருத்துவ உலகம் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கணக்கு. காளையிடம் கேட்கும் கேள்வியைக் கணவனிடம் கேட்க நமக்கு நாக்கு எழவில்லை.

கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், அறியாமையும் சம அளவில் இருக்கிறது. விந்து என்றால் உடம்பின் சாரம், நூறு துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி ஆகும் என்று லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஆட்கள் பரப்பிய கதை இன்றும் ஓடுகிறது. உண்மையில் வெளிவரும் நீர்மத்தில் பெரும்பகுதி விந்துப்பைகளும் பிராஸ்டேட் சுரப்பியும் சுரந்தது. விந்தணுக்களின் பங்கு கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. நீர்மம் தாராளமாக இருந்தும் அதில் ஒரு விந்தணுகூட இல்லாத ஆண்கள் உண்டு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இருக்காது. மீசையும் குரலும் சரியாகவே இருக்கும். ஆண்மையும் விந்தணுவும் ஒன்றல்ல என்பது புரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

விந்தணுவை முதலில் கண்ணால் பார்த்தவர் மருத்துவர் அல்லர். ஹாலந்தின் துணி வணிகர் லீவன்ஹுக், 1677இல் தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸ் கருவியில் அதைப் பார்த்தார். உயிருள்ள பிராணிகள் என்றே எழுதினார். அவை எங்கே, எப்படி உருவாகின்றன என்று தெரியவர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1850இல் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் லேடிக், விந்தணு உருவாகும் விதைக்குள் நுண்குழல்களுக்கு இடையில் திட்டுத்திட்டாகக் கிடக்கும் செல்களை விவரித்தார். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பவை அவைதான் என்பது பிற்பாடு விளங்கியது. 1865இல் இத்தாலியர் என்ரிகோ செர்டோலி, இருபத்து மூன்று வயதில், நுண்குழலுக்கு உள்ளேயே கிளைவிட்டு நிற்கும் பெரிய செல்களைக் கண்டார். இந்த இரு பெயர்களும் இல்லாமல் விந்தணுவின் கதையைச் சொல்ல முடியாது.

வயது வந்த ஆணின் ஒரு விதை 15 முதல் 25 மில்லி கொள்ளளவு இருக்கும். அதற்குள் அடர்த்தியாகச் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களை நீட்டிப் போட்டால் சில நூறு மீட்டர் போகும். குழலின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் வெளிச்சுவரை ஒட்டி மூலச் செல்கள் இருக்கின்றன. அவை பிரியும்போது ஒரு பங்கு மூலச் செல்லாகவே தங்கிவிடும். மறுபங்கு விந்தணுவாகும் பாதையில் இறங்கும். அதனால்தான் பெண்ணின் முட்டை இருப்பு பிறக்கும்போதே நிர்ணயமாகிவிட, ஆணுக்கு எழுபது வயதிலும் உற்பத்தி நிற்பதில்லை. ஆரோக்கியமான ஆணின் உடலில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி அளவில் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல்.

பாதையில் இறங்கிய செல் குழலின் வெளிச்சுவரிலிருந்து நடுவை நோக்கி நகர்கிறது. முதலில் எண்ணிக்கையைப் பெருக்க ஓரிரு சாதாரணப் பிரிவுகள். அடுத்து, 46 குரோமோசோம்களை 23ஆகக் குறைக்கும் மியாசிஸ் பிரிவு. மூன்று வாரத்துக்கும் மேல் பிடிக்கும் இந்தக் கட்டத்தில்தான் தந்தை வழிப் பாட்டனுடைய குரோமோசோமும் பாட்டியுடைய குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. முடிவில் ஒரு செல் நான்காகிறது. இரண்டில் எக்ஸ், இரண்டில் ஒய். இங்கே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பிரிந்த செல்கள் முழுதாகப் பிரிவதில்லை. மெல்லிய பாலங்களால் கடைசிவரை இணைந்தே இருக்கின்றன. ஒய் மட்டும் கிடைத்த செல்லுக்கு எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களின் புரதம் தேவைப்பட்டால் பக்கத்துச் செல்லிலிருந்து பாலம் வழியே வந்து சேரும்.

நான்கான பிறகும் அவை வட்டச் செல்கள்தான். வாலும் இல்லை, தலையும் இல்லை. இனித்தான் உருமாற்றம். டிஎன்ஏவைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன் புரதங்கள் பெரும்பாலும் விலகி, புரோட்டமின் என்ற சின்னஞ்சிறு புரதங்கள் அந்த இடத்தில் ஏறுகின்றன. டிஎன்ஏ பலமடங்கு இறுகிச் சுருங்குகிறது. அந்த நிலையில் அதைப் படிக்கவோ பழுது பார்க்கவோ செல்லால் முடியாது. தலையின் மேல் ஒரு குல்லாய்போல் அக்ரோசோம் பை ஏறுகிறது. முட்டையின் உறையைத் துளைக்கும் நொதிகள் அதற்குள். பின்பக்கத்தில் வால் முளைக்கிறது. வாலின் தொடக்கப் பகுதியைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியாக்கள் திருகு வரிசையில் அமர்கின்றன. தேவையில்லாத செல் சாறு முழுவதும் பிய்த்தெறியப்பட, அதைச் செர்டோலி செல் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது 5 மைக்ரோமீட்டர் தலையும் 50 மைக்ரோமீட்டர் வாலும்.

இத்தனையும் செர்டோலி செல்லின் மடியில் நடக்கிறது. ஊட்டம் கொடுப்பது அது. அதைவிட முக்கியமானது, தடுப்புச் சுவர் எழுப்புவதும் அதுவே. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு எது நம்முடையது, எது அந்நியம் என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. விந்தணுக்களோ பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல்தான் முதன்முறையாகத் தோன்றுகின்றன. எதிர்ப்பு அமைப்பின் கணக்கில் அவை அந்நியர்கள். பக்கத்துப் பக்கத்துச் செர்டோலி செல்கள் இறுகப் பிணைந்து, ரத்தத்துக்கும் உருவாகிவரும் விந்தணுவுக்கும் இடையே வேலி போடுகின்றன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிறகு பல ஆண்களின் ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படுவது, இந்த வேலிக்கு வெளியே விந்தணுவின் துணுக்குகள் கசிவதால்தான்.

இவ்வளவுக்கும் எத்தனை நாள் ஆகிறது? 1963இல் கார்ல் ஹெல்லரும் ஈவ் கிளெர்மாண்ட்டும் அதைக் கணக்கிட்டார்கள். கதிரியக்கக் குறியிட்ட தைமிடினை விதைக்குள் செலுத்தினால், அன்று டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் அந்தக் குறியை ஏந்தும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதையிலிருந்து துணுக்கெடுத்து, குறி எந்தக் கட்டத்துச் செல்லில் ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். குழலின் ஓரிடத்தில் அதே செல் அமைப்பு திரும்பி வரும் ஒரு சுழற்சிக்கு 16 நாள். முழுப் பாதைக்கு 4.6 சுழற்சி, ஆக 74 நாள். பாடப்புத்தகங்களில் இன்றும் இருப்பது இந்த எண்தான். இதே ஹெல்லர்தான் 1963இல் தொடங்கி ஓரிகன் மாநிலச் சிறைக் கைதிகளின் விதைகளில் எக்ஸ்ரே பாய்ச்சிச் சோதித்தவர். இனப்பெருக்க அறிவியலின் வரலாற்றில் இந்தக் கறையை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை. 2006இல் கலிஃபோர்னியாவில் வேறொரு முறை கையாளப்பட்டது. கதிரியக்கமில்லாத கனநீரைக் குடிக்கக் கொடுத்து, வெளிவரும் விந்தணுவில் அது எப்போது தென்படுகிறது என்று பார்த்தார்கள். சராசரி 64 நாள். ஆளுக்கு ஆள் 42 முதல் 76 வரை வேறுபட்டது. ஆக, 74 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டிலிருந்து மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

விதையை விட்டு வெளியேறும் விந்தணுவுக்கு உருவம் இருக்கிறது, திறமை இல்லை. அதனால் நீந்த முடியாது. விதையின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற ஒற்றைக் குழாய்க்குள் அது தள்ளப்படுகிறது. விரல்நீளம்கூட இல்லாத அந்த உறுப்பைப் பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும். அந்த ஆறு மீட்டரைக் கடக்கச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். போகும் வழியில் குழாயின் சுவர் சுரக்கும் புரதங்களும் கொழுப்புகளும் விந்தணுவின் மேல்தோலை மாற்றியமைக்கின்றன. நீந்தும் ஆற்றல் வருவதும் முட்டையை அடையாளம் காணும் திறன் வருவதும் இங்கேதான். எபிடிடிமிஸின் வால்பகுதியில் விந்தணுக்கள் அசையாமல் சேமித்துவைக்கப்படுகின்றன.

அப்படியும் வேலை முடிந்தபாடில்லை. 1951இல் அமெரிக்காவில் எம்.சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இது: வெளியே வந்த விந்தணு பெண்ணின் உடலுக்குள் சில மணிநேரம் தங்கிய பிறகுதான் முட்டைக்குள் நுழையும் தகுதி பெறுகிறது. சோதனைக்குழாய்க் குழந்தை சாத்தியமானதற்கு அடிப்படை அந்தக் கண்டுபிடிப்பு. விந்தணு என்ற ஒற்றைச் செல், தான் பிறந்த உடலைவிட்டு வேறொரு உடலில் போய்த்தான் முழுமையடைகிறது.

இந்தக் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பதிக்கு வரலாம். 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆண் இனப்பெருக்க நச்சியலில் நீண்ட நாளாக ஆய்வு நடந்திருக்கிறது. அவற்றில் இந்த மண்ணோடு நேரடித் தொடர்புள்ளது ஃப்ளூரைடு ஆய்வு. இந்தியாவில் ஃப்ளூரைடு நோயை முதலில் பதிவுசெய்தது 1937இல்; இடம் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்ப் பகுதி. பற்களில் பழுப்புக் கறையும் வளைக்க முடியாத முதுகுமாக வாழ்ந்த கிராமத்தாரை ஷார்ட் முதலான மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய ஃப்ளூரைடு உள்ள மாவட்டங்கள் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் தரும் பட்டியலில் சித்தூரும் உண்டு. பாறைகளிலிருந்து கரைந்து வருவது; ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகச் சில இடங்களில் கூடுவது.

எலும்பையும் பல்லையும் கெடுக்கும் தண்ணீர் விதையை விட்டுவைக்குமா என்பதுதான் திருப்பதி ஆய்வாளர்களின் கேள்வி. புஷ்பலதா, ஸ்ரீநிவாஸ், ஸ்ரீநிவாசுல ரெட்டி மூவரும் 2005இல் ‘பயோமெட்டல்ஸ்’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆண் எலிகளுக்குக் குடிநீரில் பத்து லட்சத்துக்கு 4.5 பங்கு, 9 பங்கு என்று இரு அளவுகளில் சோடியம் ஃப்ளூரைடு கலந்து 75 நாள் கொடுத்தார்கள். விந்தணுக்களின் அடர்த்தி குறைந்தது. நீந்தும் வேகம் குறைந்தது. விதையில் டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும் நொதிகள் இரண்டின் செயல்பாடும் குறைந்தது.

ஏன் 75 நாள்? எலியின் விந்தணு உருவாக ஐம்பத்துச் சொச்ச நாளும், எபிடிடிமிஸைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். 75 நாள் கொடுத்தால் ஒரு முழுத் தலைமுறை விந்தணுக்கள், மூலச் செல்லிலிருந்து வெளிவாசல்வரை, அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவையாக இருக்கும். இரண்டு வாரம் மட்டும் கொடுத்துவிட்டு எண்ணினால், தப்பிப் பிழைத்தவை ஏற்கெனவே பாதி வளர்ந்திருந்தவை என்பதால் பாதிப்பு தெரியாமலே போகக்கூடும். ஆய்வின் நம்பகம் இந்த நாள்கணக்கில்தான் இருக்கிறது.

எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று சொல்லிவிட முடியாது. எலியின் ரத்தத்தில் மனிதனுக்குச் சமமான அளவு ஃப்ளூரைடு ஏற, அதன் தண்ணீரில் பலமடங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நச்சியலாரின் பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 4.5 என்பது பயமுறுத்துவதற்காகக் கூட்டிவைத்த அளவாகத் தெரியவில்லை. என் பார்வையில் இது ஒரு எச்சரிக்கை மணி, தீர்ப்பு அல்ல. ஃப்ளூரைடு ஊர்களில் பல்லையும் முழங்காலையும் பார்க்கும் மருத்துவ முகாம்கள், குழந்தையில்லாத ஆண்களின் விந்தணுவையும் ஏன் பார்க்கக்கூடாது என்று கேட்கும் உரிமையை அது நமக்குக் கொடுக்கிறது.

அதே குழுவின் இன்னொரு கட்டுரை, 2003இல் வந்தது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கர்ப்பம் கலையாமல் இருக்க என்று பல காலம் போடப்பட்ட ஹைட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் காப்ரோயேட் ஊசியைச் சினை எலிகளுக்குக் கொடுத்து, பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்தபின் சோதித்தார்கள். குட்டிகளின் விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் திறனும் தேய்ந்திருந்தன. ஆணின் விந்தணு வளம் அவன் பருவமெய்துவதற்கு வெகு முன்னே, கருவறையிலேயே, பகுதியளவில் முடிவாகிறது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. செர்டோலி செல்கள் பெருகுவது கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான்; பருவம் வந்தபின் அவற்றின் எண்ணிக்கை அநேகமாக நின்றுவிடும். ஒரு செர்டோலி செல் இத்தனை விந்தணுவுக்குத்தான் பால் கொடுக்கும் என்ற வரம்பும் உண்டு. (குறைப்பிரசவத்தைத் தடுக்க இந்த மருந்து பயன்படுவதாகத் தெரியவில்லை என்று சொல்லி அமெரிக்கா 2023இல் அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. காரணம் எலி ஆய்வு அல்ல; மருந்து வேலை செய்யவில்லை என்பதே.)

திருப்பதியிலிருந்தே 2011இல் வந்த ஈய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஈயம் ஏற்றிய ஆண் எலிகளை ஈயமே தொடாத பெண் எலிகளோடு சேர்த்தார்கள். கருக்கள் பதிவது குறைந்தது, பதிந்த கரு அழிவது கூடியது. தாயின் உடலில் எந்த நஞ்சும் இல்லை. குறை வந்தது தந்தை வழியே. ஒரு பெண்ணுக்குக் கரு தங்கவில்லை என்றதும் அவளுடைய கருப்பையைப் பழிக்கும் ஊர் வாய்க்கு, எலிக்கூண்டிலிருந்து வந்த பதில் இது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதை உடலுக்கு வெளியே தொங்குவது உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருப்பதற்காக. காய்ச்சல் வந்தால் அடுத்த சில வாரங்களுக்கு எண்ணிக்கை சரியும். காளைகளிலும் கோடை முடிந்து சில வாரம் கழித்துத்தான் விந்தின் தரம் விழும். பாதிக்கப்பட்டவை அன்று வெளிவந்தவை அல்ல, அன்று குழலுக்குள் உருமாறிக்கொண்டிருந்தவை. இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களிடம் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், வெப்பத்தில் வேலை பார்க்காதவர்களைவிட அவர்களுக்குக் குழந்தைப்பேறு தாமதமானது அதிகம் என்று தெரிந்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் இந்தப் பகுதியில், வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பின் முன் நிற்கிறவர்களையும் ஓட்டல் அடுப்படியில் வேகிறவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விதையிலிருந்து வரும் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வேரிகோசில் என்ற நிலையும் வெப்பத்தைக் கூட்டும். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடமும், குழந்தையில்லாத ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலும் அது காணப்படுகிறது.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. ஆண்மை ஹார்மோன்தானே, விந்தணு கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் கட்டளைகளை நிறுத்திவிடும். விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஊசியால் அந்த அளவை எட்டவே முடியாது. உற்பத்தி வறண்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை வாரம் ஒருமுறை போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவு வெளியிட்டது என்றால் வேறு சாட்சி வேண்டுமா? கல்யாணமான பையன் தோள் திரட்சிக்காக ஊசி போட்டுக்கொண்டு, மனைவியைக் கருத்தரிப்பு மையத்துக்கு அழைத்துப்போகும் அவலம் இதனால் நடக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் மாதங்கள் ஆகும்.

சிலருக்குக் காரணம் வெளியில் இல்லை, மரபணுவில் இருக்கிறது. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து 2003இல் எழுதினார்கள். 8.5 விழுக்காட்டினரிடம் அதன் நீள்கரத்தில் துண்டுகள் காணாமல் போயிருந்தன. 1992இல் வந்த இக்ஸி முறையில் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தலாம். எபிடிடிமிஸின் பயிற்சி பெறாத, விதையிலிருந்தே எடுத்த விந்தணுவும் போதும். ஆனால் அப்படிப் பிறக்கும் மகனுக்கு அதே குறைபட்ட ஒய்தான் போய்ச்சேரும். சிகிச்சைக்கு முன் இதை எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை, கேட்டுத் தெரிந்துகொள்வது தம்பதியின் உரிமை.

விந்தணு சோதனை அறிக்கையைப் படிக்க, நாள்கணக்கு தெரிந்திருப்பது மிக அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் கீழ்வரம்புகள்: கொள்ளளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அசைவுள்ளவை 42 விழுக்காடு, சரியான வடிவம் கொண்டவை 4 விழுக்காடு. வடிவத்தில் நான்கா என்று அதிர வேண்டாம். மனித விந்தணுக்களில் பெரும்பாலானவை கோணல்மாணலானவையே. இவை தேர்ச்சி மதிப்பெண்களும் அல்ல. ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களை வரிசைப்படுத்தினால் கடைசி ஐந்து விழுக்காட்டினர் நிற்கும் எல்லை அது. அதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர் உண்டு.

அந்த எண்கள் சோதனை நாளன்றைய உடல்நிலையைச் சொல்பவை அல்ல. இன்று கோப்பையில் விழுந்தது, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் பாதையில் இறங்கியது. தை மாதம் டெங்கு வந்து படுத்தவரின் பங்குனி அறிக்கை மோசமாக இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. இன்று புகையிலையை விட்டவர் அடுத்த வாரமே அறிக்கையில் பலனைத் தேடினாலும் கிடைக்காது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஆண் மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு கைக்கொள்ள வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சொல்வதும் இதைப் போன்றதே. குழாயை வெட்டிய பின்னும் அதற்கு அப்பால் ஏற்கெனவே சேர்ந்தவை வெளியேறியாக வேண்டும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து ‘உங்களுக்குக் குழந்தை பிறக்காது’ என்று முத்திரை குத்துபவர் நாள்கணக்கை மறந்தவர்.

ஆகவே சித்தூர், திருப்பதி வாசகர்களுக்கும் இந்தப் பக்கம் வேலூர், திருத்தணி வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒன்றாக மருத்துவரைப் பாருங்கள். கணவனின் விந்தணு சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். குறை தெரிந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் அறிக்கை கைக்கு வருவதற்கு முன் மனைவியைக் குழாய் எக்ஸ்ரேவுக்கோ லேப்ராஸ்கோப்பிக்கோ அனுப்பாதீர்கள்.